சிப் சூடாகுது சேர்!



கலியாண சீசன் வந்தால் எனக்கு இரண்டு வகையான கோல் வரும். ஒன்று சாப்பாட்டுக்கு அழைப்பு. மற்றது, "சேர், சிப் நெருப்பா ஈக்கி, கொப்பி ஆகுதில்ல, என்ன செய்ற செல்லுங்க" என்பது. முதலாவது குறைந்துகொண்டு வருகிறது, இரண்டாவது கூடிக்கொண்டு வருகிறது. மொனராகலைப் பக்கம் வீடியோ எடுக்கிற பொடியன்மாரில் கொஞ்சப் பேர் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். வெப்பம் என்ற பாடத்தில் பின் வாங்கில் நித்திரை கொண்டவன்தான் இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு வெப்பத்தைப் பற்றிக் கேட்கக் கோல் எடுக்கிறான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். எடுக்கிறவர்கள் மட்டுமல்ல, எடுக்கச் சொல்லுகிற கலியாண வீட்டாரும் வாசியுங்கள். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதல் விஷயம்: கொப்பி பண்ணும்போது மெமரி கார்ட் சூடாவது பழுது அல்ல. அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

ஒரு எஸ்.டி. கார்ட் 32 மில்லிமீற்றர் நீளம், 24 அகலம், 2.1 தடிப்பு. நிறை இரண்டு கிராம் அளவில்தான். அதற்குள் இரண்டு பகுதி இருக்கிறது: தகவலை வைத்திருக்கிற ஃபிளாஷ் மெமரியும், அதை ஆட்டிவைக்கிற ஒரு குட்டிக் கணினியும். ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா கம்பனியில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா. 1984இல் அதை வெளியே அறிவித்தார். ஒரே அடியில் பெரிய பகுதியை அழிக்கிற விதம் கெமராவின் ஃபிளாஷ் வெளிச்சம்போல இருக்கிறது என்று கூட வேலை செய்த ஒருவர் சொன்னதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பெயர் கெமராவிலிருந்து வந்தது, பொருள் பிறகு கெமராவுக்குள்ளேயே போய்க் குந்திக்கொண்டது.

தகவல் அதற்குள் இலத்திரன்களாக இருக்கிறது. மிக மெல்லிய காவலிப் படை ஒன்றுக்கு அந்தப் பக்கம் இலத்திரன்களைத் தள்ளி அடைத்துவைப்பதுதான் எழுதுவது. தள்ளுவதற்கு, கெமரா தருகிற 3.3 வோல்ற்றை கார்ட் தனக்குள்ளேயே 20 வோல்ற் அளவுக்கு உயர்த்திக்கொள்கிறது. வாசிப்பது அவ்வளவு பாரமான வேலை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு அறையிலும் எவ்வளவு இலத்திரன் இருக்கிறது என்று அளந்து, பிழை இருந்தால் திருத்தி, அதி வேகத்தில் ஊசிகள் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். இப்போது வருகிற கார்ட்களில் ஒரே அறைக்குள் எட்டு மட்டங்களைப் பிரித்து அறிய வேண்டியிருக்கிறது. சும்மா நடக்கிற வேலை இல்லை.

"அப்ப கெமராவுக்குள்ள இவ்வளவு சூடாகல்லியே சேர், ரீடர்ல போட்டாத்தானே சூடாகுது?" நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்ம பொடியன்மார் அதிகம் எடுக்கிற 4கே வீடியோ ஒரு செக்கனுக்கு 100 மெகாபிட். எட்டால் பிரித்தால் 12.5 எம்.பி. ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜீ.பி. ஆக 128 ஜீ.பி. கார்ட் நிறைவதற்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணித்தியாலம் வேண்டும். அதே கார்டை யூ.எச்.எஸ். 2 வகை ரீடரில் போட்டு செக்கனுக்கு 250 எம்.பி. வேகத்தில் இழுத்தால் எட்டரை நிமிடம். இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆறுதலாக நடந்து வந்தவனை எட்டரை நிமிடத்தில் திரும்ப ஓடச் சொல்கிறோம். வியர்க்காமல் என்ன செய்யும்?

கார்டிலிருந்து ஒரு வாட் வெப்பம் வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் என்பது செக்கனுக்கு ஒரு யூல். ஒரு நிமிடத்துக்கு 60 யூல். இரண்டு கிராம் பொருள், தன்வெப்பக் கொள்ளளவு கிராமுக்கு ஒரு யூல் அளவு. வெப்பம் வெளியே போக வழியே இல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் 30 பாகை ஏறிவிடும். உண்மையில் அப்படி ஏறுவதில்லை, ஏனென்றால் ஊசிகள் வழியாகவும் ஓட்டின் வழியாகவும் வெப்பம் வெளியேறுகிறது. ஆனால் அந்த ஓடு பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் காவலி. சின்ன மைக்ரோ எஸ்.டி.யை அடெப்டருக்குள் போட்டு, அதை ரீடருக்குள் போட்டால் சட்டைக்கு மேல் சட்டை. ரீடருக்குள் இருக்கிற சிப்பும் தன் பங்குக்குச் சூட்டைத் தருகிறது. சில நேரம் நீங்கள் தொட்டு உணர்கிற சூட்டில் பாதி ரீடருடையது.

பிறகு நம்ம ஊர். பண்டாரவளையில் சுவெட்டர் போட்டுக்கொண்டு கொப்பி பண்ணுகிற ஒருவருக்கு வராத பிரச்சினை, எல்ல இறக்கம் இறங்கி வெல்லவாய வந்ததும் வரும். அங்கே 20 பாகையில் தொடங்குகிற கார்ட் இங்கே 33, 34இல் தொடங்குகிறது. தகர ஷீட் போட்ட ஹோலாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கார்ட் ஏறுகிற ஏற்றம் ஒன்றுதான், ஆனால் நாம் ஏணியின் நடுவிலிருந்து ஏறுகிறோம்.

இது ஏழைக் கெமராக்களுக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். யாலைக்கு கல்கே வாசல் பக்கமாகப் புலி எடுக்க வருகிற கொழும்புக்காரர்களின் கெமராவில் இருப்பது சி.எஃப். எக்ஸ்பிரஸ் கார்ட். கணினிக்குள் இருக்கிற எஸ்.எஸ்.டி.யின் அதே தொழில்நுட்பத்தை நெருப்புப் பெட்டி அளவுக்குச் சுருக்கியது. செக்கனுக்கு 1,700 எம்.பி. வேகத்தில் வாசிக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். அவை சூடாகிற சூட்டுக்கு நம்ம எஸ்.டி. ஒன்றுமேயில்லை, ரீடர்களை உலோகத்தில் செய்வதே அதற்காகத்தான். 2020இல் கெனன் ஆர் 5 வந்தபோது, 8கே வீடியோவை 23 பாகைச் சூழலில் 20 நிமிடமளவு எடுக்கலாம், அதற்குப் பிறகு சூட்டால் நின்றுவிடும் என்று கம்பனியே சொன்னது. 23 பாகை! நமக்கு அது சுபஹுக்கு எழும்புகிற நேரத்துச் சூடு. பிறகு மென்பொருளை மாற்றி நிலைமையைக் கொஞ்சம் சரிசெய்தார்கள்.

சரி, எவ்வளவு சூடு ஆபத்து? நம்ம விரலுக்கு 45 பாகையளவில் நோவு தொடங்கிவிடும். 55 பாகையில் உலோகத்தைப் பிடிக்கவே முடியாது. ஆனால் நல்ல எஸ்.டி. கார்ட் கம்பனிகள் பல 85 பாகை வரை வேலை செய்யும் என்று எழுதித் தருகின்றன. சி.எஃப். எக்ஸ்பிரஸ் பலவற்றுக்கு 70. அதாவது "கை சுடுது" என்பது விரலின் முறைப்பாடு, கார்டின் முறைப்பாடு அல்ல. கார்ட் முறைப்பாடு சொல்கிற விதம் வேறு. உள்ளே இருக்கிற குட்டிக் கணினி சூட்டைப் பார்த்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 240இல் ஓடிய எண் 60க்கு இறங்கும், 40க்கு இறங்கும். அது நம்ம வீட்டுக் கிழவி மேடு ஏறும்போது நின்று மூச்சு வாங்குவது மாதிரி. விட்டால் ஏறிவிடுவா. தள்ளினால்தான் விழுவா.

இனி அந்தத் தள்ளுகிற கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் பிபிலைப் பக்கம் ஒரு ஹோலில் நிக்காஹ். வீடியோ எடுத்தவன் என்னிடம் படித்த பொடியன், நல்ல கைக்காரன். மணமகளின் வாப்பா கட்டாரில். லீவு கிடைக்கவில்லை. வாப்பாவின் சார்பில் பெரிய வாப்பா நின்று நிக்காஹ் நடந்தது. வாப்பா வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு தடவை சிக்னல் அறுந்தது. ஆகவே அந்த வீடியோ யாருக்காக எடுக்கப்பட்டது என்று உங்களுக்கு விளங்கும். மணமகளின் நானா பொடியனின் தலைமாட்டிலேயே நின்றிருக்கிறார். "இன்னிக்கு ராவைக்கே வாப்பாக்கு அனுப்பணும், சுணங்க ஏலா."

சஹன் வைக்கிற நேரம் இவன் மேடைக்குப் பின்னால் வெல்வெட் துணி போட்ட கதிரையில் லெப்டொப்பை வைத்து, ரீடரைத் துணிக்குள் செருகிவிட்டு கொப்பி பண்ணத் தொடங்கியிருக்கிறான். கொப்பி இல்லை, கட். அடுத்த நிகழ்ச்சிக்கு கார்ட் வெறுமையாக வேண்டும் என்று கட் பண்ணி பேஸ்ட். காற்று இல்லை, கீழே துணி, மேலே லெப்டொப்பின் சூடு. கொஞ்ச நேரத்தில் வேகம் இறங்கிவிட்டது. நானா பின்னால் நின்று "இன்னும் எவ்வளவு, இன்னும் எவ்வளவு" என்கிறார். வேறு ஓட்டையில் போட்டால் வேகம் வரும் என்று நினைத்து இவன் ரீடரை இழுத்துக் கழற்றிவிட்டான்.

கட் என்றால் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஒரு கார்டிலிருந்து இன்னொரு டிஸ்குக்கு எதையும் "நகர்த்த" முடியாது. முதலில் கொப்பி பண்ணும், பிறகு பழையதை அழிக்கும். அதாவது கொப்பி வாசிக்க மட்டும் செய்கிறது. கட் கார்டில் எழுதவும் செய்கிறது. 32 ஜீ.பி.க்கு மேற்பட்ட கார்ட்களில் எக்ஸ்ஃபெட் என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. எந்த ஃபைல் எந்த இடத்தில் என்று சொல்கிற இடாப்பு அதில் இருக்கிறது. அந்த இடாப்பில் பேனை ஓடிக்கொண்டிருக்கும்போது கொப்பியைப் பறித்தால் என்ன ஆகும்? திரும்பப் போட்டதும் திரையில் வந்தது, "இந்த டிஸ்கைப் பாவிக்க முதல் ஃபோர்மட் பண்ண வேண்டும், பண்ணவா?" என்ற கேள்வி.

அல்ஹம்துலில்லாஹ், அந்த இடத்தில் எனக்குக் கோல் எடுத்தான். "ஒன்றையும் அமத்தாத தம்பி. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வா" என்றேன்.

இஷாவுக்குப் பிறகு வந்தான். கார்டின் பக்கத்தில் இருக்கிற சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். கிறிஸ்ரோஃப் கிரெனியே என்ற பிரான்ஸ் நாட்டவர் செய்தது, யாரும் பாவிக்கலாம். அது இடாப்பைப் பார்க்காது. பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்து, வீடியோ மாதிரித் தெரிகிறதை எல்லாம் இன்னொரு டிஸ்கில் கொண்டுபோய்ப் போடும். பெயர், திகதி ஒன்றும் இருக்காது, வெறும் இலக்கம்தான். என் பழைய லெப்டொப்பில் ராத்திரி ஒன்றரை மணி வரை ஓடியது. கிளிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. குத்பா வந்தது, கையெழுத்து வந்தது, சாப்பாடு முழுதும் வந்தது.

ஒன்று மட்டும் வரவில்லை. நிக்காஹ் முடிந்தவுடன் மருமகன் போனைக் கையில் வாங்கி மாமாவோடு பேசிய கிளிப். ஃபைல் வந்தது, ஓடவில்லை.

காரணம் இதுதான். கெமரா ஒழுங்காக வரிசையில் எழுதிக்கொண்டு போனால் ஒரு கிளிப் ஒரே துண்டாக இருக்கும், ஃபோட்டோரெக் அதை அப்படியே எடுத்துவிடும். இவன் நடுவில் இடம் போதவில்லை என்று இரண்டு பழைய கிளிப்பை அழித்திருக்கிறான். அடுத்து எடுத்த கிளிப் அந்தப் பொந்துகளில் துண்டு துண்டாக உட்கார்ந்துவிட்டது. துண்டுகளைச் சேர்க்கிற வரைபடம் இடாப்பில் இருந்தது, இடாப்பு போய்விட்டது. இன்னொரு விஷயம், எம்.பி. 4 வீடியோக்களுக்குப் புத்தகத்துக்கு உள்ளடக்கம் மாதிரி ஒரு பகுதி உண்டு. பல கெமராக்கள் அதைக் கடைசியில்தான் எழுதும். அந்தக் கடைசித் துண்டு சேராவிட்டால் அளவு இருக்கும், படம் இருக்காது.

கலியாண வீட்டார் மீதிக் காசைக் கொடுக்கவில்லை. அதையாவது விட்டுவிடலாம். இரண்டு மாதம் "சிப்பைப் பழுதாக்கினவன்" என்று பொடியனுக்குப் பெயர் போட்டுவிட்டார்கள், கையில் இருந்த இரண்டு ஓடர் போய்விட்டது. மணமகளின் வாப்பா மட்டும் கட்டாரிலிருந்து அவனுக்கே கோல் எடுத்தாராம். ஏசவில்லையாம். "மகன், சத்தமாவது ஈக்கா?" என்று கேட்டாராம். சத்தமும் இல்லை.

அவன் கட் பண்ணியது பிழை, இழுத்தது பிழை. அதை அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கதிரைக்குப் பின்னால் நின்றவர் யார்? முன்னொரு காலத்தில் கலியாண கெசட் வர ஒரு மாதம் எடுத்தது, நாம் காத்திருந்தோம். இப்போது பிரியாணி ஆறுவதற்குள் ஸ்டேட்டஸில் போட வேண்டும் என்கிறோம். அவசரமாக அனுப்ப வேண்டிய காரணம் அந்த வீட்டுக்கு நியாயமாகவே இருந்தது, நான் மறுக்கவில்லை. அப்படியானால் போனில் ஐந்து நிமிடம் தனியாக எடுத்து அதை அனுப்பியிருக்கலாம். கெமராக் கார்டை ஆறுதலாக வீட்டுக்குப் போக விட்டிருக்கலாம். கலியாண வீட்டாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஹோலில் வைத்துக் கொப்பி கேட்காதீர்கள். மண்டபத்துக்கும் மேடைச் சோடனைக்கும் கொடுக்கிற காசைப் பார்த்தால் இரண்டாவது கார்டுக்கான காசு ஒரு தட்டு வட்டிலாப்பத்துக்குக் கிட்டத்தான் வரும். பேரம் பேசும்போது அதைக் குறைக்காதீர்கள்.

பொடியன்மாருக்கு: ரீடரில் போட முதல் எஸ்.டி. கார்டின் பூட்டை எப்போதும் கீழே தள்ளுங்கள். அப்போது கட் பண்ணவே முடியாது, கொப்பி மட்டும்தான். காசு செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறில்லை. திரும்பக் கெமராவில் போடும்போது மறக்காமல் மேலே தள்ளுங்கள், இல்லாவிட்டால் பதிவாகாது. மைக்ரோ எஸ்.டி.யில் பூட்டு இல்லை, அடெப்டரில் இருக்கிறது. லெப்டொப்பை மெத்தையிலோ தலையணையிலோ வைக்காமல் பலகை மேசையில் வையுங்கள். ரீடரைக் கேபிளோடு வெளியே விட்டு, மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்புங்கள். சிரிக்க வேண்டாம், வேகம் இறங்குவது நிற்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். ஃபேனும் இல்லையென்றால் பழைய யூ.எஸ்.பி. 2 ஓட்டையில் போடுங்கள். 128 ஜீ.பி.க்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் கார்ட் பெரிதாகச் சூடாகாது. நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஃபிரிஜ்ஜில் வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மார்கழி மழைக்காலத்தில் குளிர்ந்த கார்டை வெளியே எடுத்தால் தண்ணீர்ப் போத்தலில் வியர்க்கிற மாதிரி அதிலும் நீர் கட்டும். சூடு கொல்லாததை ஈரம் கொன்றுவிடும்.

வேகம் இறங்கினால் விடுங்கள். இடையில் காணாமலே போய்விட்டால் முறைப்படி வெளியேற்றி, பத்து நிமிடம் ஆறவிட்டு, திரும்பப் போடுங்கள். எல்லாம் வந்த பிறகு ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, பெரிய கிளிப்புகளின் கடைசிப் பத்துச் செக்கனை ஓட்டிப் பாருங்கள். இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி போட்டபிறகுதான் கார்டை வெறுமையாக்க வேண்டும், அதையும் கெமராவுக்குள் வைத்து. நடுவில் ஒன்றிரண்டு கிளிப்பை அழித்து இடம் தேடாதீர்கள்.

சஃபாரி ஜீப் ஓடுகிற தம்பிமாருக்கும் ஒரு சொல். இருபது நிமிடக் கொப்பிச் சூடு கார்டுக்குப் பெரிதில்லை. மாதக்கணக்கில் டாஷ்போர்டுக்குள் வெயிலில் கிடப்பதுதான் பெரிது. அடைபட்டிருக்கிற இலத்திரன்கள் சூடு கூடக்கூட மெதுவாகக் கசியும், பழைய கார்டென்றால் இன்னும் கெதியாக. சுற்றுலாக்காரர் மறந்துவிட்டுப் போன கார்டைக் கண்டெடுத்தால் நிழலில் வையுங்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். பழுதான சிப் இருப்பவர்கள் கொண்டு வரலாம், காசு வேண்டாம். மீட்டதைப் போடுவதற்குச் சிப்பைவிடப் பெரிய ஒரு வெறும் டிஸ்க் கொண்டு வாருங்கள். ஃபோர்மட் அமத்திவிட்டீர்கள் என்றாலும் வாருங்கள். ஆனால் அதற்குப் பிறகு அதில் ஒரு படம்கூட எடுத்திருக்க வேண்டாம்.